இராமலிங்க விலாசத்தில் ஒரு முற்பகல்

தேவிபட்டினத்தில் தர்ப்பணம் முடித்துத் திரும்பும் வழியில், எத்தனையோ முறை கடந்துபோயும் உள்ளே நுழையாத இராமநாதபுரம் அரண்மனைக்கு இம்முறை சென்றேன். கோட்டையைக் காண வருபவர்கள் மதிலையும் அகழியையும் தேடி ஏமாந்துபோவார்கள். இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களுள் ஒருவரான கிழவன் சேதுபதி, போகலூரிலிருந்து தலைநகரை மாற்றி இங்கு எழுப்பிய கோட்டையில், இன்று நின்று பார்க்கத் தக்கதாக எஞ்சியிருப்பது இராமலிங்க விலாசம் என்னும் தர்பார் மண்டபமே. தொல்லியல் துறை அதை அருங்காட்சியகமாகப் பேணி வருகிறது.

மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை போன்ற உள்ளறை என அமைப்பு அப்படியே கோயிலை ஒத்திருப்பதால், செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று ஒரு கணம் தயங்கினேன். வாள், ஈட்டி, மறவர் சீமைக்கே உரிய வளரி என்னும் வளைந்த எறி ஆயுதம், பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பியவன், பிறகு அங்கிருந்து எளிதில் நகரவில்லை.

முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் சுவர், தூண், வளைவு, விதானம் என்று இடம் விடாமல் பரவியிருக்கின்றன. இராமாயணத்தையும் பாகவதத்தையும் வேறு இடங்களிலும் காணலாம். என்னை ஈர்த்தவை அரசர் தம்மையே வரையச் செய்த காட்சிகள். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு இரத்தினாபிஷேகம் செய்கிறார். இராஜராஜேஸ்வரி அம்மன் செங்கோல் அளிக்கிறாள். தொப்பி அணிந்த ஐரோப்பியர்கள் அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். தஞ்சை மராட்டியரோடு போர் நடக்கிறது. தம் ஆட்சியை ஒப்புக்கொள்ள வேண்டிய தெய்வம், மேலரசர், அந்நியர், பகைவர் அனைவரையும் ஒரே கூரையின் கீழ்க் கூட்டிவைத்த அந்தச் சாமர்த்தியத்துக்கு முன் நம் காலத்துச் சுவர் விளம்பரங்கள் எம்மாத்திரம்!

வரலாறு அந்தச் சுவர்களை மதிக்கவில்லை. 1772இல் ஆர்க்காட்டு நவாபும் கும்பினி எனப்பட்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தபோது, சிறுவராயிருந்த முத்துராமலிங்க சேதுபதி திருச்சிராப்பள்ளிக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டார். கட்டபொம்மனைக் குற்றாலத்திலிருந்து ஊர் ஊராக அலைக்கழித்த கலெக்டர் ஜாக்சன், 1798 செப்டம்பரில் இங்கேதான் அவரைச் சந்தித்தார். வெள்ளையர் அரசரைத் தேடி வந்ததாகத் தீட்டியிருக்கும் மண்டபத்தில், ஒரு பாளையக்காரரை நெடுநேரம் நிற்கவைத்தே விசாரித்தார். பேச்சு கைகலப்பில் முடிய, கட்டபொம்மன் தப்பினார். அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

வாசல்வரை வந்தவன், அந்தத் தொப்பிக்காரர்களைக் காண மறுபடியும் உள்ளே போனேன். உடையெல்லாம் அந்நியமாக இருந்தாலும், கண்களை மட்டும் ஓவியர் நம்மூர்க் கண்களாகவே நீட்டி வரைந்திருந்தார்.