ஒன்பதாம் படியில் முதல் ஆட்டம்: ஏ.எஃப்.சி. விம்பிள்டன் நாட்குறிப்பு, 2002

யூன் 29, சனி

விம்பிள்டன் கொமன் பூங்காவெளியில் இன்று எங்கள் புதுக் கழகமான ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு ஆட்டக்காரர் தெரிவு. வந்தவர்கள் 230 பேர்.

மே 28ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூவர் குழு, இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்து, பழைய கழகமான விம்பிள்டன் எஃப்.சி. ஊரை விட்டு மில்ரன் கீன்ஸ் நகருக்குப் போகலாம் என்று தீர்த்தது. அன்றைக்குப் புதுக் கழகத்துக்குப் பெயரும் இல்லை, பந்தும் இல்லை. கிரிஸ் ஸ்டுவர்ட், மார்க் ஜோன்ஸ், ட்ரெவர் வில்லியம்ஸ், ஐவர் ஹெல்லர் என்ற நான்கு ரசிகர்கள் தொடக்கிவிட்ட வேலை, ஒரு மாதத்தில் 230 பேரைச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு புல்லில் நிற்க வைத்திருக்கிறது.

230ஐ 22 ஆல் பிரித்தால் பத்து ஆட்டம், மிச்சம் பத்துப் பேர். இப்படியான தெரிவில் ஒருவனைப் பார்க்கக் கிடைப்பது அதிகம் போனால் அரை மணித்தியாலம். அதற்குள் பந்து அவன் காலுக்கு வருவது சில தடவைதான். அதனால் அனுபவமுள்ள கண் பந்தைப் பார்க்காது. பந்து மறுபக்கம் நிற்கும்போது இவன் எங்கே நிற்கிறான், பந்தைப் பறிகொடுத்தபின் எத்தனை விநாடியில் திரும்பி ஓடுகிறான் என்றுதான் பார்க்கும். தெரிவுக்கு வருபவன் எல்லோரும் மூன்று பேரை வெட்டிக் கொண்டுபோய் அடித்துக் காட்டத்தான் பார்ப்பான். பக்கக் காப்பாளன் பாவம், ஒழுங்காக விளையாடினால் யாருக்கும் தெரியமாட்டான். கோல் காப்பாளன் பாடு இன்னும் மோசம். அவன் பக்கம் ஒரு அடியும் வராமலே நேரம் முடிந்துவிடும். அவர்களைத் தனியாக எடுத்து, குறுக்குப் பந்து போட்டுப் பார்ப்பதுதான் நியாயம்.

முகாமையாளர் ரெரி ஈம்ஸ். பழைய கழகத்துக்கு விளையாடியவர்.

யூலை 10, புதன்

முதல் ஆட்டம், நட்பு ஆட்டம்தான். சட்டன் யுனைரெட்டின் காண்டர் கிறீன் லேன் மைதானம். 0–4 தோல்வி. சட்டன் எங்களைவிட மூன்று படி மேலேயுள்ள லீகில் விளையாடும் கழகம். தீர்ப்பு வந்து 43 நாளில் சேர்த்த அணி அவர்களிடம் நாலு வாங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆச்சரியம் வெளியே நின்ற சனம். 4,657 பேர். பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி ஒரு சுழல் கதவுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கெடுக்கக் கூடாது என்கிறது. அப்படியென்றால் ஆளுக்கு ஐந்தரை விநாடி. 4,657 பேரை ஒரு மணித்தியாலத்தில் உள்ளே விட, ஏழு கதவு ஒரு நொடி நிற்காமல் சுழன்றாலும் மட்டுமட்டாகப் போதாது, எட்டு வேண்டும். உண்மையில் நிற்கும். ஒருவர் 20 பவுண் தாளை நீட்டினால் மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கப் பதினைந்து விநாடி போகும். பின்னால் நிற்கும் இரண்டு மூன்று பேரின் நேரம் அதிலேயே போய்விடும். வரிசை நீளுவது கூட்டத்தால் மட்டுமில்லை, சில்லறையாலும்தான்.

ஓகஸ்ட் 15, வியாழன்

சனிக்கிழமை லீக் தொடங்குகிறது. கம்பைன்ட் கவுன்ரீஸ் லீக், இங்கிலாந்து லீகுகளை மேலிருந்து எண்ணினால் ஒன்பதாம் படி. சான்ட்ஹெர்ஸ்ட் ரவுண் கழகத்தின் திடலில், பெர்க்‌ஷயரில். போகிறவர்களுக்குச் சில விடயங்கள்.

ரெயின்: விம்பிள்டனில் இருந்து கில்ஃபர்ட் போய், றெடிங் பக்கம் போகும் பாதைக்கு மாற வேண்டும். பிளாக்வோட்டருக்கு அடுத்த தரிப்பு சான்ட்ஹெர்ஸ்ட். அந்தப் பாதையில் வேகமாகப் போகும் வண்டிகள் அங்கே நிற்காது. ஏற முன்பு பலகையில் தரிப்புப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நன்றாகக் காத்திருக்க வேண்டி வரும். திரும்பி வரும் நேரத்தையும் இப்போதே எழுதி வையுங்கள்.

கார்: எம்3 நெடுஞ்சாலை, நாலாம் சந்தி. நாலு பேருக்குக் குறைவாக ஒரு காரில் வராதீர்கள். திடல் இருப்பது யோர்க்ரவுண் வீதியோரத்துப் பூங்காவுக்குள், அக்கம்பக்கம் எல்லாம் வீடுகள். ஒருவர் படலைக்கு முன்னால் காரை விட்டுவிட்டு வந்தால் அந்தத் திட்டு முழுக் கழகத்துக்கும் விழும்.

காசு: நுழைவுக்குச் சரியான சில்லறை. சட்டனில் பட்ட பாடு போதும்.

தேத்தண்ணி: இந்த மட்டத்துக் கழகங்களில் தேத்தண்ணிக் கொட்டிலில் இருப்பது வழக்கமாக 20 லீற்றர்க் கொதிகலன். அதில் 200 மில்லிலீற்றர்க் கோப்பை நூறு வரும். 3 கிலோவாட் சூடாக்கி என்றால், குழாய்த் தண்ணீர் கொதிக்கக் கிட்டத்தட்ட 40 நிமிடம். இடைவேளை 15 நிமிடம். ஆக, இடைவேளைக்கு நூறு பேருக்குத்தான் சூடாக ஏதாவது கிடைக்கும், நூற்றியோராவது ஆளுக்கு இரண்டாம் பாதி பாதி போன பிறகு. இந்த லீகில் நூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம், அவர்களுக்கு அது தாராளம். பிளாஸ்க் கொண்டுவருவது நல்லது. ஆனால் கொட்டிலில் ஏதாவது வாங்கவும் வேண்டும். இப்படியான கழகத்துக்கு ஒரு நல்ல நாள் வருமானம் பல மாதச் செலவுக்கு வரும்.

ஓகஸ்ட் 17, சனி, இரவு

சான்ட்ஹெர்ஸ்ட் ரவுண் 1, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 2. மூன்று புள்ளி. தீர்ப்பு நாளில் இருந்து எண்ணினால் 81ஆம் நாள்.

பார்வையாளர் 2,449.

இந்த எண்ணைத் திடலில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். நூறு மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் உள்ள ஆடுகளத்தைச் சுற்றி, கோட்டில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளிக் கம்பி கட்டினால் சுற்றளவு 344 மீற்றர். தோளோடு தோள் நின்றால் ஆளுக்கு அரை மீற்றர். முதல் வரிசையில் 688 பேர் நிற்கலாம். மாற்று ஆட்டக்காரர் இருக்கும் கூண்டு, வேலி, பற்றை என்று கழித்தால் அதுவும் இல்லை. மிச்சச் சனம் இரண்டாம், மூன்றாம், நாலாம் வரிசை. தரையோ மட்டம்.

மட்டத் தரையில் இரண்டாம் வரிசையின் கஷ்டம் என்ன? உங்கள் கண் தரையில் இருந்து 160 சென்ரிமீற்றர். அரை மீற்றர் முன்னால் நிற்பவரின் உச்சந்தலை 172. அந்தத் தலைக்கு மேலால் போகும் பார்வை, பத்து மீற்றர் தூரத்தில் நாலு மீற்றர் உயரத்துக்கு ஏறிவிடும். கோல் குறுக்குக் கம்பமே 2.44 மீற்றர்தான். ஆக, இரண்டாம் வரிசைக்குத் தெரிவது தலைகளுக்கிடையே உள்ள கீற்று. மூன்றாம் வரிசைக்கு வானத்தில் போகும் பந்து. நாலாம் வரிசைக்கு முன்னால் எழும் சத்தம். 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரேயொரு படி இருந்தால் கண் 175க்கு ஏறும், தலை மறைக்காது. பெரிய மைதானத்துக்கும் பூங்காத் திடலுக்கும் உள்ள வித்தியாசம், உண்மையில் அந்த ஒரு படிதான்.

தள்ளி நிற்பவன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நடுக்கோட்டுக்கு நேரே போட்டி போட்டு நெருக்காமல், மூலைக் கொடிப் பக்கம் போவது. அங்கே கூட்டம் ஐதாகும், கம்பியில் இடம் கிடைக்கும். மறுமூலை தூரம்தான். ஆனாலும் 25 மீற்றரில் நடப்பதை முழுதாகப் பார்ப்பது, 50 மீற்றரில் நடப்பதைத் துண்டு துண்டாகப் பார்ப்பதை விட மேல்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

மேல் லீக் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்பதாம் படி முதலில் அலங்கோலமாகத் தெரியும். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் அப்படியில்லை.

ஓகஸ்டில் தரை வழக்கமாக இறுகியிருக்கும். கோல் காப்பாளன் நீள அடிக்கும் பந்து விழுந்து, நடுக் காப்பாளன் தலைக்கு மேலால் எகிறும். நல்லவன் அதை விழ விடமாட்டான். இரண்டடி முன்னுக்கு வந்து, விழ முன்பே தலையால் தட்டுவான். அந்த இரண்டடியில் ஆட்டமே மாறும்.

அடுத்தது பின்வரிசை நாலு பேர். ஓஃப்சைட் பொறி (சட்டென முன்னேறி, எதிரணி முன்கள வீரனைப் பின்னால் விட்டு ஓஃப்சைட்டில் மாட்டுவது) வைக்க நாலு பேரும் ஒரே கணத்தில் ஏற வேண்டும். மூன்று பேர் ஏறி ஒருவன் நின்றுவிட்டால் எதிரணியின் முன்கள வீரன் தனியாகப் போவான். ஆறேழு கிழமை மட்டுமே சேர்ந்து விளையாடிய அணிக்கு இது கயிற்றில் நடப்பது போல. அதனால் பொறியை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பதுதான் புத்தி. ஆனால் பின்னால் நின்றால் நடுக்களத்துக்கும் பின்வரிசைக்கும் இடையில் பெரிய வெளி விழும், எதிரணி அதற்குள் வந்து குடியிருக்கும். புது அணி என்றால் இரண்டில் ஒன்றைச் சகிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, இந்த மட்டத்தில் ஆட்டக்காரர் பெரும்பாலும் ஒப்பந்தம் இல்லாதவர்கள். வேறு கழகம் ஒருவரைக் கேட்க விரும்பினால் ஏழு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அவ்வளவே. நேற்று கைதட்டியவனை அடுத்த மாதம் எதிரணிச் சட்டையில் பார்க்கலாம். அதற்காக ஊளையிட வேண்டாம். வாரம் முழுதும் வேலைக்குப் போய்விட்டு வந்து விளையாடுபவர்கள்.

சின்னம் பற்றி ஒரு வார்த்தை. நீலமும் மஞ்சளும் பழைய நிறம்தான். சின்னத்தில் இருதலைக் கழுகு. உடல் ஒன்று, தலை இரண்டு. சங்கப் பாட்டில் வரும் இருதலைப் புள் போல. பழைய கழகம் இன்னும் கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் அதே பெயரோடு விளையாடிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடையாது.

ஓகஸ்ட் 21, புதன், இரவு

கிங்ஸ்மெடோவில் முதல் லீக் ஆட்டம். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 1, சிப்ஸ்ரெட் 2. பார்வையாளர் 4,262.

மைதானம் கிங்ஸ்ரோனியன் கழகத்தின் வீடு, நாங்கள் சேர்ந்து குடியிருக்கிறோம். ரூட்டிங் தமிழருக்கு வழி சுகம்: புரோட்வேயில் 131 பஸ் ஏறினால் விம்பிள்டன், றெயின்ஸ் பார்க், நியூ மோல்டன் என்று கிங்ஸ்ரன் பக்கம் கொண்டுவந்து விடும். எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோயிலில் இருந்து நடைதூரத்தில் இருந்த, பழைய கழகத்தின் சொந்த மைதானமான பிளவ் லேனில் முதல் அணி 1991க்குப் பிறகு ஆடவில்லை. அதோடு பார்த்தால் இது தூரம்தான், ஆனால் செல்ஹர்ஸ்ட் போல வேறு ஊர் ஆட்களின் வீடு என்ற உணர்வு இல்லை.

இங்கே படிகள் உண்டு. சனிக்கிழமை மூன்றாம் வரிசையில் நின்றவன் இன்று பத்தாம் வரிசையில் நின்றும் மூலை உதையைப் பார்த்தான். வழிகாட்டிக் கணக்கில் நல்ல நிற்கும் படிகளில் பத்துச் சதுர மீற்றருக்கு 47 பேர் வரை நிற்கலாம். ஆனால் நடைவழியை மறைத்து நின்றால் அந்தக் கணக்கு செல்லாது. மஞ்சள் கோடு போட்ட இறங்கு படிகளில் நிற்காதீர்கள். மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேறு வழி இல்லை.

தோற்றதற்கு மைதானத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாலாயிரம் பேர் வந்தது எதிரணிக்கும் பெருநாள்தான். நூறு பேருக்கு முன்னால் விளையாடிப் பழகியவர்களுக்கு இப்படி ஒரு இரவு கிடைத்தால் காலில் இல்லாத வேகமும் வரும். இனி ஒவ்வொரு கிழமையும் எல்லா அணியும் எங்களுக்கு எதிராக இப்படித்தான் வரும். அதற்கு ஈம்ஸ் ஒரு வழி பார்க்க வேண்டும்.

இரண்டு ஆட்டம், மூன்று புள்ளி. மிச்சம் 44 ஆட்டம்.