டாக்ஸிக்கு அழுதது 130 டாலர், ஆனாலும் அந்தப் பாறை விளிம்பு!

ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பஃபலோ ஜம்ப் என்ற பழைய வேட்டைப் பாறையைப் பார்த்துவிட்டு நேற்று இரவுதான் திரும்பினோம். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் மக்ளியோட் என்ற சிற்றூரிலிருந்து 18 கி.மீ.தான், பஸ் கிடையாது. போக வர 80 டாலர் என்று பேசி ஏறினோம். இறங்கும்போது காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்து 140 என்றார். அக்கா அவ்வளவு சண்டை போட்டும் பத்துதான் குறைந்தது. என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது!

சரி, இடத்துக்கு வருகிறேன். கிட்டத்தட்ட 6000 ஆண்டுகளாக அந்தப் பகுதிப் பூர்வகுடி மக்கள் காட்டெருமைகளை, அதாவது பைசன்களை, பாறையிலிருந்து விழவைத்து வேட்டையாடிய இடம். 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் பத்து மீட்டர்தான், இவ்வளவுதானா என்றிருந்தது. அப்புறம்தான் புரிந்தது, அடிவாரமே எலும்பும் மண்ணுமாகப் பத்து மீட்டருக்கு மேல் மேடிட்டுக் கிடக்கிறது.

வேட்டை என்றால் உடல்பலம் என்றே நினைத்திருந்தேன். இங்கே முக்கால்வாசி வேலை மந்தையின் மனசைப் படிப்பதுதான். குதிரை இல்லாத காலம். பைசனுக்குப் பார்வை மட்டம், மோப்பம் பலம். ஒருவர் கன்றுத் தோலைப் போர்த்திக்கொண்டு வழிதவறிய கன்று போலக் கத்துவார், மந்தை அந்தப் பக்கம் நகரும். ஓநாய்த் தோல் போர்த்தியவர்கள் பின்னாலிருந்து மெல்ல நெருக்குவார்கள். கிலோமீட்டர் கணக்கில் சின்னக் கற்குவியல்களை இரு வரிசையாக வைத்து, புனல் போலக் குறுகும் பாதை. கடைசியில் கூச்சலிட்டு விரட்டினால், முன்னால் ஓடும் மாடு விளிம்பைக் கண்டு நிற்க நினைத்தாலும் பின்னால் வரும் கூட்டம் விடாது. கீழே ஈட்டியும் அம்புமாக ஆட்கள் தயார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்த வேலை. குழி தோண்டி, தோல் விரித்து, தண்ணீர் ஊற்றி, நெருப்பில் சுட்ட கற்களைப் போட்டுக் கொதிக்கவைத்தே எலும்பிலிருந்து கொழுப்பு எடுத்திருக்கிறார்கள்! நம் உப்புக்கண்டம் போல, ஆனால் உப்பே இல்லாமல் காயவைத்த இறைச்சியை இடித்து, அந்தக் கொழுப்பும் காட்டுப்பழமும் பிசைந்தால் பெமிக்கன். மாதக்கணக்கில் கெடாது. பனிக்காலம் முழுக்க வயிற்றைக் காத்தது அதுதான்.

போகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்து வாடகைக் கார் எடுத்துவிடுங்கள், டாக்ஸி வேண்டவே வேண்டாம். விளிம்பில் காற்று ஆளையே தள்ளுகிறது, தடித்த ஜாக்கெட் அவசியம்.