சுயேச்சையாக நின்ற கதை: பத்துக் கையெழுத்தும் ஒரு தையல் மெஷினும்

2021 சட்டமன்றத் தேர்தலில் வேலூர் மாவட்டத்தில் ஒரு தொகுதியில் சுயேச்சையாக நின்றேன். தோற்றேன், டெபாசிட்டும் போயிற்று, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவக் கேண்டீன் வரிசையில் நிற்கும்போது யாராவது ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் "நீ நின்னியே, என்னென்ன பேப்பர் கேட்டாங்க" என்று ஆரம்பித்து விடுகிறார், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 17 வருஷம் இருந்து 2014ல் ஹவில்தாராக வெளியே வந்தவன். வந்த பணத்தில் ஹாலோ பிளாக், பேவர் பிளாக் பட்டறை போட்டேன். எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை மூடச் சொல்லி திங்கட்கிழமை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துக் கொடுத்து, ஏழாவது மனுவோடு திரும்பும்போது "நாமே நின்னா என்ன" என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம், பெரிய கொள்கை எல்லாம் இல்லை.

வயது 25 ஆகியிருக்க வேண்டும், டெபாசிட் பத்தாயிரம், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது முன்மொழிபவர் விஷயம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பத்துப் பேர்தானே என்று நினைத்தேன். தெருவில் போனால் "மிலிட்டரி அண்ணா" என்று டீ வாங்கிக் கொடுக்கிறவர்களே ஐம்பது பேர் இருப்பார்கள். ஆனால் படிவத்தை நீட்டியதும் ஒருவருக்கு மச்சான் வட்டச் செயலாளர், இன்னொருவருக்குக் கடை லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டி இருக்கிறது, ஒருவர் "ஓட்டு உனக்குத்தான்ணா, பேரு மட்டும் வேணாம்" என்றார். மூன்று நாள் அலைந்து ஒன்பது தேறியது. பத்தாவது ஆளாக வந்தவர் என்னோடு வேலை பார்த்து இறந்துபோன நண்பனின் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது, ஃபேமிலி பென்ஷனுக்காகக் கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் நிறுத்தி நிறுத்திப் போட்டார். "எதுக்குன்னு கேக்கலியே யம்மா" என்றேன். "நீ கேட்டா எதுக்கா இருந்தா என்னா" என்றார்.

சரி, பத்தும் ஆச்சு என்று வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் பார்த்து எழுத உட்கார்ந்தால் ஒருவர் பெயரே இல்லை. வீடு பாலாற்றுக்கு இந்தப் பக்கம், ஓட்டு இன்னும் அந்தப் பக்கம் காட்பாடியில் இருக்கிறது! கல்யாணமாகி வந்து எட்டு வருஷம், மாற்றவே இல்லை. பத்தில் ஒன்று தப்பினாலும் வேட்புமனு தள்ளுபடி. அன்று ராத்திரி என் பட்டறை டிரைவரின் பெரியப்பாவை எழுப்பிக் கையெழுத்து வாங்கினேன். நிற்க நினைப்பவர்கள் ஆளைப் பார்க்காதீர்கள், முதலில் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்து தொழில் செய்கிறவர்களுக்கான கண்ணி. அரசுக்குப் பொருள் சப்ளை செய்யும் ஒப்பந்தமோ வேலை ஒப்பந்தமோ நடப்பில் இருந்தால் போட்டியிட முடியாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவு. நான் அதற்கு முந்தைய வருஷம்தான் ஓர் அரசு அலுவலக வளாகத்துக்குப் பேவர் பிளாக் இறக்கியிருந்தேன், பில் பணம் வரவில்லை. போச்சு என்று நினைத்து வக்கீலிடம் ஓடினேன். அவர் சிரித்தார். நாம் செய்யவேண்டியதை முழுசாகச் செய்து முடித்துவிட்டால், அரசு பணம் தராமல் வைத்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கணக்கில் வராதாம், அதே பிரிவில் விளக்கமாகவே எழுதியிருக்கிறது. டெலிவரி சலானையும் வேலை முடிந்த சான்றையும் நகல் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

படிவம் 26, அதாவது அபிடவிட். ஒரு கட்டத்தையும் வெற்றாக விடக்கூடாது, ஒன்றுமில்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கு, மனைவியின் நகை உட்பட எல்லாம். "ஏங்க, எங்க அண்ணிக்குத் தெரியாத நகையை ஊருக்கே போட்டுக் காட்டணுமா" என்று என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பட்டாளத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கடந்த பத்து வருஷத்துக்குள் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, கரண்ட், தண்ணீர், போன் பாக்கி இல்லை என்று சான்று இணைக்க வேண்டும். நான் 2014 வரை செகந்திராபாத்தில் ஃபேமிலி குவார்ட்டர்ஸில் இருந்தேன். குவார்ட்டர்ஸ் காலி செய்தபோது கொடுத்த கிளியரன்ஸ் கறுப்பு டிரங்குப் பெட்டியில் கழுத்துப்பட்டைக்கு அடியில் மடித்து இருந்தது, இருந்தாலும் தேதி பழசு என்று யாராவது கிளப்பினால் வம்பு என்று எழுதிக் கேட்டுப் புதிதாக வாங்கினேன். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே இதை ஆரம்பித்துவிடுங்கள். அப்புறம் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, மனு போடுவதற்கு ஒரு நாள் முன்னாடியாவது திறந்திருக்க வேண்டும்.

மார்ச் 12 முதல் 19 வரை மனு, 20 பரிசீலனை, 22 வாபஸ். நான் 18ஆம் தேதி போட்டேன். உறுதிமொழி வாசிக்கும்போது எதிரே ஃபேன் சத்தமும் ஒரு கிளர்க் சாப்பாட்டு டப்பாவை மூடும் சத்தமும்தான். பெங்களூரில் பரேட் மைதானத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்தவனுக்கு அது கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது, ஆனால் கை என்னவோ தானாகவே பேன்ட் தையலோடு ஒட்டி நின்றது.

வாக்குச்சீட்டுக்கு போட்டோ கேட்டார்கள். யூனிஃபார்ம் கூடாது, தொப்பி கூடாது, கறுப்புக் கண்ணாடி கூடாது. ஃப்ளெக்ஸ் அடிக்கிற தம்பியோ யூனிஃபார்ம் படம் போட்டால்தான் எடுபடும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ராணுவத்தினர் படத்தைப் பிரசாரத்தில் போடக்கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013லேயே சொல்லி 2019லும் நினைவுபடுத்தியிருக்கிறது. நான் என் படத்தைத்தானே போடுகிறேன் என்று வாதாடலாம், எனக்கே அது பிடிக்கவில்லை. வெள்ளைச் சட்டையில் எடுத்தேன். எங்கள் வீட்டுப் பையன் "எல்ஐசி ஏஜென்ட் மாதிரி இருக்கே நைனா" என்றான்.

சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுதலாம். பிளாக் பட்டறைக்காரன், செங்கல் கேட்டேன். இன்னொருவரும் கேட்டார், குலுக்கலில் அவருக்குப் போனது. எனக்குத் தையல் மெஷின். பதின்மூன்று நாளில் ஊருக்கெல்லாம் நான் டெய்லர் ஆகிவிட்டேன், ஒரு பாட்டி ஜாக்கெட் துணியே கொண்டுவந்தார்.

பிரசாரத்தை லாங் பஜார் மணிக்கூண்டில் ஆரம்பித்தேன். இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அங்கே கல்லில் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். பக்கத்துப் பழக்கடைக்காரர் "முப்பது வருஷமா இங்கதான் இருக்கேன், இப்பதான் கேக்கறேன்" என்றார். ஓட்டுப் போட்டாரா தெரியாது.

செலவு உச்சவரம்பு அப்போது 30 லட்சத்து 80 ஆயிரம், 2022ல் 40 லட்சமாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, ஆனால் டீ, நாற்காலி, ஆட்டோ வாடகை எல்லாவற்றுக்கும் தேர்தல் அதிகாரிகளின் விலைப்பட்டியல்படி கணக்கு எழுத வேண்டும். வெள்ளைத் தாள் தினசரி, ரோஸ் தாள் ரொக்கம், மஞ்சள் தாள் வங்கி. மூன்று முறை காட்ட வேண்டும். ஸ்டோர்ஸ் லெட்ஜர் எழுதிய பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் சனிக்கிழமை கூலிக்கு 62 ஆயிரம் எடுத்துப்போனபோது பறக்கும் படை நிறுத்தியது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆவணம் வேண்டும். எங்கள் ஊரில் 2019ல் பணம் பிடிபட்டு நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5ல் நடந்தது, அதனால் கெடுபிடி அதிகம். கூலிப் பதிவேடும் வங்கிச் சீட்டும் காட்டி மீள இரண்டு மணி நேரம்.

மே 2, கொரோனா நெகட்டிவ் சீட்டோடு எண்ணும் மையத்துக்குப் போனேன். ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டினேன், நோட்டா என்னைத் தாண்டியது. பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் பத்தாயிரம் திரும்பும். பக்கத்துக் காட்பாடியில் 746 ஓட்டில் முடிவானது, அந்த இழுபறியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. பூத் வாரியாகக் கணக்கு வந்தபோது ஆர்வத்தில் பார்த்தேன். எனக்குக் கையெழுத்துப் போட்ட நாலு பேர் ஓட்டுப் போடும் பூத்தில் எனக்கு விழுந்தது மூன்று. யார் அந்த ஒருவர் என்று நான் கேட்கவில்லை. நண்பனின் அம்மா இருக்கும் பூத்தில் பதினெட்டு, அவர் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாராம்.

முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தோற்றவனுக்கும் உண்டு, விட்டால் மூன்று வருஷம் தகுதியிழப்பு வரலாம். மே 10ல் இருந்து முழு ஊரடங்கு. பைலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வழியில் இரண்டு இடத்தில் போலீசுக்குக் காட்டி, கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். ரசீதை டிரங்குப் பெட்டியில் குவார்ட்டர்ஸ் சான்றோடு வைத்திருக்கிறேன். தெருப் பள்ளத்தை ஜூலையில் மூடினார்கள். பேவர் பிளாக் பில் மட்டும் அப்படியே நிற்கிறது.