பெடலில் கால் இல்லை, கிளட்ச் மட்டும் ஸ்லிப் ஆகுது

போன ஞாயிற்றுக்கிழமை பஜாஜ் டாமினார் பைக்கின் இன்ஜினைப் போட்டுக் கட்டிய எங்கள் கார் களத்துமேட்டை இரண்டாம் கியரில் ஏறிவிட்டது. மூன்று மாதமாக ஏறாத மேடு. அதனால்தான் இந்தப் பதிவு.

இடம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் கிடையாது, ஆகவே ரோட்டுக்கு எடுப்பதில்லை. சோதனை எல்லாம் சித்தப்பாவின் தென்னந்தோப்புக்குள்தான். கள் இறக்க வரும் அண்ணன் மரத்து மேலிருந்தே, "இன்னிக்காவது நகருமா தம்பி?" என்று கேட்பார். ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் ரைஸ் ஆகும், வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே முக்கும். இதுதான் கோளாறு.

182 கிலோ பைக்குக்கு என்று செய்த கிளட்ச், 410 கிலோ காரை இழுக்குமா என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். கோவையில் ஒரு கடையில் வாங்கிய பிளேட் செட் டூப்ளிகேட். ஒரே வாரத்தில் கருகிய வாசம் வந்தது. அடுத்து ஒரிஜினல் செட் வாங்கி, ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டு மாட்டினேன். அதுவும் ஸ்லிப். கார் ஆயில் ஊற்றிவிட்டோமோ என்று பயந்து, டின்னில் ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஒத்துவரும் ஆயில் என்பதற்கான தரக்குறி) என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி இரண்டு தடவை மாற்றியாயிற்று. கார் ஆயில் சிலதில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்ப்பார்கள், ஆயிலில் குளிக்கும் கிளட்சுக்கு அது ஆகாது. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்கியதில் இடது முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

கண்ணுக்கு முன்னாலேயே இருந்த துப்பை நான்தான் கவனிக்கவில்லை. பிளேட் தேய்ந்த கிளட்ச் முதலில் டாப் கியரில்தான் ஸ்லிப் ஆகும். என் வண்டி நாலாம் கியரில் ஒழுங்காக இழுத்தது. ஒன்றிலும் இரண்டிலும்தான் நழுவியது. தலைகீழ்! இதை நோட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். எழுதினால் போதுமா, படிக்கவும் வேண்டாமா?

கடைசியில் மச்சானை உட்காரவைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் லேசாக முக்கச் சொன்னேன். கிளட்சை விட்டதும் இடது காலை எடுத்து சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொள்ளச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பெடலில் யார் காலும் இல்லை. இன்ஜின் மேலிருக்கும் கிளட்ச் ஆர்ம், அதாவது பெடலிலிருந்து வரும் கேபிள் இழுக்கும் நெம்புகோல், மட்டும் தானாக அசைகிறது.

சங்கதி இதுதான். சிங்கிள் சிலிண்டர் அதிர்வுக்குப் பயந்து இன்ஜினை ரப்பர் புஷ்ஷில் உட்காரவைத்திருந்தேன். கேபிளின் அவுட்டர் (வெளி உறை) முனையைப் பிடிக்கும் பிராக்கெட் சேஸிஸில். முதல் கியரில் செயினின் இழுப்பு பல நூறு கிலோ, இன்ஜின் பின்பக்க அச்சை நோக்கி நகர்கிறது. மார்க்கர் கோடு போட்டு அளந்தேன்: 6 மி.மீ. கேபிளில் நான் விட்டிருந்த ப்ளே, அதாவது தளர்வு, 3 மி.மீ. இன்ஜின் பின்னால் போகப்போக கேபிள் இழுபட்டு, தன் கிளட்சைத் தானே மிதித்துக்கொள்கிறது. நாலாம் கியரில் செயின் இழுப்பு குறைவு, அதனால் நகர்வும் குறைவு. ப்ளேயை 10 மி.மீ ஆக்கிப் பார்த்தேன். ஸ்லிப் நின்றது, ஆனால் பெடலை மிதித்தாலும் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை, கியர் கரகரத்தது.

சரி, பிராக்கெட்டை சேஸிஸிலிருந்து வெட்டி எடுத்து இன்ஜின் கேசிங் போல்ட்டிலேயே பிடித்துவிட்டேன். அவுட்டருக்கு நடுவில் ஒரு வளைவும் விட்டாயிற்று. இப்போது இன்ஜின் எங்கே நகர்ந்தாலும் அவுட்டர் வளைந்துகொள்ளும், உள்கம்பி இழுபடாது. பட்டறையில் கடைந்து வாங்கிய ஒரு கம்பியை இன்ஜினுக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே முட்டுக்கொடுத்ததில் செயின் தளர்வதும் நின்றது. அதையும் நான் வேறு கோளாறு என்று நினைத்திருந்தேன்.

உக்கடத்தில் பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், ரிவர்சுக்கு. பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் ஏது? தோப்பில் திருப்பும்போதெல்லாம் இறங்கித் தள்ளவேண்டியிருக்கிறது. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்டும் ஆசையும் உண்டு. 2.1 கி.மீ ரேஸ் டிராக், அங்கே போய்த் தள்ளினால் மானம் போய்விடும்.

அதற்கு முன் பெடல் ஸ்டாப், அதாவது பெடல் அளவுக்கு மேல் இறங்காமல் தடுக்கும் முட்டு, வைக்கவேண்டும். கைவிரலுக்குச் செய்த ஆர்மை காலால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துவிடலாம். எல்லை தாண்டினால் உள்ளே பிளேட்டுகளைப் பிரித்துவிடும் லிஃப்டருக்கு ஆபத்து. இப்போதைக்கு பெடலுக்கு அடியில் ஒரு தென்னங்கட்டை, கயிற்றால் கட்டியிருக்கிறது.