கையை விடுங்க, காலைப் பாருங்க

கேரள எல்லையோரம் உள்ள வேலந்தாவளத்தில் லாட்டரிச் சீட்டு விற்றால் அது பிழைப்பு. அதையே செக்போஸ்ட் தாண்டிப் போய் விற்றால் கேஸ். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி பக்கத்திலிருந்து வந்த யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ரோடு, ஒரே பேச்சு, கோடு தாண்டினால் வேறு சட்டம். அமெரிக்காவுக்குக் குடிவந்து, பெண் குழந்தையைப் பேஸ்பாலின் தங்கை ஆட்டமான ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலில் சேர்க்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு முதலில் கைகொடுப்பது இந்த எல்லைப் புத்திதான். நேற்றுப் பள்ளி மேட்சில் யாரும் கண்டுகொள்ளாத பிட்சை, அதாவது பேட்டருக்கு வீசும் வீச்சை, ஞாயிற்றுக்கிழமை கிளப் டோர்னமென்ட்டில் அம்பயர் தப்பென்று சொல்லக்கூடும். இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

இடைஞ்சல் செய்வது நம்ம கிரிக்கெட் கண். டென்னிஸ் பால் டோர்னமென்ட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'எறியறான்' என்றால் முழங்கை. பதினைந்து டிகிரி, முரளிதரன், அந்தப் பழைய சண்டையெல்லாம் மனதில் வந்துவிடும். இங்கே முழங்கை மடங்குவது குற்றமே இல்லை. இன்னொரு வேடிக்கை, 1981-இல் மெல்போர்னில் ட்ரெவர் சாப்பல் நியூசிலாந்துக்கு எதிராகப் பந்தைக் கீழ்க்கையால் உருட்டிவிட்டதை இன்றைக்கும் கிரிக்கெட்டின் மானக்கேடாகச் சொல்கிறோம். சாஃப்ட்பாலில் கீழ்க்கையால் வீசினால்தான் செல்லும். ஆறு மாச விசாவில் பேத்தியைப் பார்க்க வரும் அப்பாரு கேலரியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தப்பு நடப்பது பெரும்பாலும் காலில்.

கைக்கான விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றாலை மாதிரி கை சுற்றுவது அதிகபட்சம் ஒன்றரைச் சுற்று. பந்தை விடும்போது கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். மணிக்கட்டு முழங்கையைவிட உடம்பிலிருந்து தள்ளிப் போகக் கூடாது. பக்கவாட்டில் விசிறி வீசுவதைத் தடுக்கத்தான் இந்தக் கடைசி விதி. ஸ்விங்கைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தக் கூடாது. கையைப் பிரித்து முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு மறுபடி இரண்டு கையிலும் பந்தைச் சேர்க்கக் கூடாது. விரலை நாக்கில் வைத்து ஈரம் செய்யலாம், ஆனால் பந்தைத் தொடும் முன் துடைத்துவிட வேண்டும். நன்றாக வீசிப் பழகிய குழந்தைகள் இதிலெல்லாம் மாட்டுவது அபூர்வம்.

சின்னக் குழந்தைகள் அதிகம் மாட்டுவது பந்தை வீசும் முன் நிற்கும் நிலையில். பிட்சிங் பிளேட் என்பது 24 அங்குல நீளம், 6 அங்குல அகலமுள்ள வெள்ளைப் பட்டை. எல்லோரும் 'ரப்பர்' என்பார்கள். உயர்நிலைப்பள்ளி விதிப்படி ஊன்றுகால், அதாவது வலதுகைக்காரிக்கு வலது கால், ரப்பரின் மேல் படிந்திருக்க வேண்டும். மற்றக் கால் ரப்பரைத் தொட்டோ அதன் பின்னாலோ இருக்கலாம், ஆனால் அந்த 24 அங்குலத்துக்கு வெளியே போகக் கூடாது. இரண்டு கையும் பிரிந்திருக்க, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரிடமிருந்து சிக்னல் வாங்க வேண்டும், வாங்குவதுபோல் பார்க்கவாவது வேண்டும். பிறகு கைகளைச் சேர்த்து, குறைந்தது ஒரு விநாடி, அதிகபட்சம் பத்து விநாடி நிறுத்தி, அப்புறம்தான் வீச வேண்டும். பத்து வயதுக்காரி பதற்றத்தில் நடந்து வந்து ரப்பரை மிதித்த வேகத்திலேயே வீசிவிடுவாள். அந்த ஒரு விநாடி காணாமல் போயிருக்கும். வீட்டுப் பயிற்சியில் கை சேர்ந்ததும் வாய்விட்டு 'ஒண்ணு' சொல்லிவிட்டு வீசச் சொன்னால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பின்னோக்கி ஓர் அடி வைக்கும் பழக்கமுள்ளவர்கள் அதைக் கை சேரும் முன்பே தொடங்கிவிட வேண்டும். சேர்ந்த பிறகு பின்வாங்கத் தொடங்கினால் இல்லீகல், அதாவது விதிமீறல்.

இனி கால். பிட்சர் ரப்பரிலிருந்து உந்திக் கிளம்பியதும் ஊன்றுகாலின் பெருவிரல் பக்கம் மண்ணை இழுத்துக்கொண்டே வரும். அங்கே இதை ட்ராக் (drag, இழுப்பு) என்கிறார்கள். நம்ம கண்ணுக்கு அது ஏர்ச்சால். இன்னிங்ஸ் முடிந்து பிட்சர் டக்-அவுட்டுக்கு, அதாவது அணியினர் உட்காரும் இடத்துக்கு, போனதும் ரப்பர் முன்னால் உள்ள மண்ணைப் பாருங்கள். ரப்பரிலிருந்து தொடர்ச்சியாக ஒரு சால் போயிருந்தால் கால் மண்ணைவிட்டுப் பிரியவில்லை. சால் நடுவில் அறுந்து, இரண்டு மூன்றடி தள்ளி லேசாகத் தொடர்ந்தால் இரண்டு காலும் ஒரே சமயத்தில் காற்றில் இருந்திருக்கின்றன. அதற்கு லீப் என்று பெயர். ரப்பரைத் தாண்டி இரண்டாவதாக ஒரு குழி, குதிகால் திரும்பிய அழுத்தத்தோடு இருந்தால் அது க்ரோ ஹாப். காக்கை தத்துவதுபோல் தாவி இறங்கி, அங்கே மறுபடி காலை ஊன்றி, அந்தப் புது இடத்திலிருந்து உந்தி வீசியிருக்கிறாள்.

இதில் அப்படி என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இதோ. உயர்நிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் ரப்பரிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டின் பின்முனைக்கு 43 அடி. 12 வயதுப் பிரிவுக்கு 40, 10 வயதுப் பிரிவுக்கு 35. மணிக்கு 60 மைல் வேகம் என்றால் விநாடிக்கு 88 அடி. பிட்சர் ஆறடி முன்னால் வந்து பந்தை விடுகிறாள் என்று வைத்தால் மீதி 37 அடி, அதாவது 0.42 விநாடி. இரண்டாவது முறை ஊன்றி இன்னும் மூன்றடி திருடினால் 0.39 விநாடிக்குக் கீழே வந்துவிடும். பேட்டருக்கு 60 மைல் பந்து 65 மைல் பந்தாகத் தெரியும். புது இடத்திலிருந்து இரண்டாம் முறை உந்துவதால் கிடைக்கும் வேகம் இதற்கு மேல்.

லாட்டரிச் சீட்டு கதை வருவது லீப்பில்தான். பெண்கள் விளையாட்டில் இது வெகுகாலம் தடையாக இருந்தது. கல்லூரி அமைப்பான என்சிஏஏ 2024 சீசனிலிருந்து இதை அனுமதித்தது. உயர்நிலைப்பள்ளிகளுக்கான என்எஃப்ஹெச்எஸ் விதி அடுத்த ஆண்டு, 2025 சீசனுக்கு, அதே வழியில் வந்தது. ஊன்றுகால் தரையை விட்டுப் போகலாம். ஆனால் கிளம்புவது ரப்பரிலிருந்து இருக்க வேண்டும், நடுவில் மறுபடி ஊன்றக் கூடாது. க்ரோ ஹாப்புக்கு இரண்டு இடத்திலும் தடை தொடர்கிறது. எங்கள் பார்வையில் இது நல்ல மாற்றம். கால் மண்ணிலிருந்து அரை அங்குலம் எழும்பியதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைவிட, மறுபடி ஊன்றினாளா என்று பார்ப்பது அம்பயருக்கு எளிது. கிளப் டோர்னமென்ட் என்றால் எந்த அமைப்பின் விதிப்புத்தகம், எந்த வருஷத்துப் பதிப்பு என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். 'எங்க ஸ்கூல்ல விட்டாங்களே' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இல்லீகல் பிட்ச் என்று பட்டதும் அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டி விரல்களை மடக்குவார். பந்து உடனே சாகாது, ஆட்டம் ஓடும். பேட்டர் அடிக்கவில்லை என்றால் எண்ணிக்கையில் ஒரு 'பால்', அதாவது பேட்டருக்குச் சாதகமாகக் கணக்கில் சேரும் தவறான வீச்சு, கூடும். அடித்து நல்லதாக அமைந்துவிட்டால் பேட்டிங் அணியின் கோச் அடியின் பலனையே எடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் பேஸில் நிற்பவர்களும் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். இப்போது உயர்நிலைப்பள்ளி விதியில் தண்டனை பேட்டருக்குத் தரும் அந்த ஒரு பாலோடு சரி. சின்னத் தண்டனைதானே என்று விட்டுவிடாதீர்கள். மூன்று பால் ஆன பிறகு வந்தால் அது வாக், பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவாள்; பேஸ் மூன்றும் நிரம்பியிருந்தால் ஒரு ரன்.

அப்படியானால் ஏன் பாதி நேரம் கேட்பாரில்லை? இரண்டு அம்பயர் இருந்தால், பிளேட்டுக்குப் பின்னால் நிற்பவர் கையையும், விநாடியையும், 24 அங்குல நீளத்தையும் பார்ப்பார். பேஸ் அம்பயர் பக்கவாட்டில் நின்று காலைப் பார்ப்பார். சின்ன வயது மேட்சுகளில் பெரும்பாலும் ஒரே அம்பயர். கேட்சரின் தலைக்கு மேலாக முன்னாலிருந்து பார்ப்பவருக்குக் கால் எவ்வளவு தூரம் தாவியது என்று தெரியாது. வரும் பந்து ஸ்ட்ரைக்கா (பிட்சருக்குச் சாதகமான நல்ல வீச்சா) பாலா என்று வேறு சொல்ல வேண்டும். அழுதுவிடும் வயதுப் பிட்சராக இருந்தால் முதலில் கோச்சிடம் சொல்லித் திருத்தப் பார்ப்பவர்களும் உண்டு. விதியில் அப்படி இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. எதிரணிக் குழந்தை தாவுவதைப் பார்த்து வேலிக்குப் பின்னாலிருந்து கத்துவது நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை. அம்பயரிடம் பேசும் உரிமை ஹெட் கோச்சுக்குத்தான், அதுவும் டைம் கேட்டு. 'ஊன்றுகால் மறுபடி ஊன்றுகிறது, பேஸ் அம்பயர் பார்த்தால் நன்றாக இருக்கும்' என்று ஒரு வாக்கியம் போதும். தாவினாளா இல்லையா என்பது அம்பயரின் கணிப்பு. அதை எதிர்த்து ப்ரோட்டஸ்ட் செய்ய முடியாது. விதியையே தவறாகப் பயன்படுத்தினால், உதாரணமாக பால் தராமல் ஸ்ட்ரைக் கொடுத்தால், செய்யலாம்.

சொந்தக் குழந்தையின் காலைச் சோதிக்க அப்பாவோ அம்மாவோ கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து கேட்ச் பிடிப்பது அங்கே வாடிக்கை. மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தரையில் குத்தி எழும் பந்து பல்லைத் தேடித்தான் வரும். ஆனால் அந்த இடத்திலிருந்து காலைப் பார்க்க முடியாது. வலதுகைக்காரி என்றால் மூன்றாம் பேஸ் பக்கத்தில், கணுக்கால் உயரத்தில், போனை ஸ்லோமோஷனில் 240 ஃப்ரேமில் வையுங்கள். ஊன்றுகால் அந்தப் பக்கம்தான் இருக்கும். முன்கால் தரையைத் தொடுவதற்குள் ஊன்றுகால் எடையைத் தாங்கி நின்றால் அது க்ரோ ஹாப். தாங்காமல் வெறுமனே இழுபட்டு வந்தால் கவலையில்லை. ரப்பரின் இரண்டு முனையிலிருந்தும் ஹோம் பிளேட்டை நோக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டால், முன்கால் 24 அங்குலத்துக்குள் விழுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

க்ரோ ஹாப்பைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். பெரும்பாலும் கையும் காலும் ஒத்துப்போகாததுதான் காரணம். கை சுற்றி முடியும் முன் கால் தரையிறங்கிவிடும். அந்த இடைவெளியை நிரப்ப உடம்பு இன்னொரு முறை ஊன்றுகிறது. பாதித் தூரத்தில் நின்று, கைவேகத்தைக் கூட்டி, சின்ன அடி வைத்துப் பழகினால் சரியாகும். ஊன்றுகால் ஷூவின் நுனியில் பழைய சாக்ஸை மாட்டி இழுக்கச் சொல்வதும் உண்டு. இழுபடும் உணர்வு கால்விரலுக்குத் தெரியும். ஷூ முனை ஒரே சீசனில் தேய்ந்து ஓட்டையாகும், அதற்கென்றே ரப்பர் மூடி விற்கிறார்கள்.

இன்னொரு காரணம் மண். நாலு மேட்ச் நடந்த மைதானத்தில் ரப்பர் முன்னால் உள்ளங்கை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். காலை இழுத்தால் பள்ளத்தின் விளிம்பில் தட்டும். தட்டாமலிருக்கக் குழந்தை தாவும். லீப்புக்குத் தடையுள்ள விதிகளிலும், பள்ளத்தின் மேல் போகும் கால் சுற்றுத் தரையின் மட்டத்துக்கு மேலே எழும்பாத வரை அது லீப் ஆகாது. மேட்சுக்கு இருபது நிமிஷம் முன்னால் போய்ப் பள்ளத்தில் களிமண் கொட்டி, லேசாக ஈரமாக்கி, திமிசுக் கட்டையால் இடித்து விடுங்கள். எருத்தேம்பதியில் களம் மெழுகிப் பழகியவர்களுக்கு அது பத்து நிமிஷ வேலை.