15 கையெழுத்து

என் மகள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. படிவம் 1-க்கு, அதாவது ஏழாம் வகுப்புக்கு, மலேசியாவின் பினாங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், மலாய் வழியில் கற்பிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. முதல் வாரம் கால அட்டவணை வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு தடவை தேடினேன். தமிழ் இல்லை.

ஆபீசுக்குப் போனேன். துணை முதல்வர் நல்ல மாதிரிதான் பேசினார். "படிவம் 1-இல் உங்கள் பிள்ளைகள் 9 பேர்தான் மேடம். 15 பேர் இருந்தால்தான் வகுப்பு." சரி, சட்டம் அப்படித்தான் போலிருக்கிறது என்று வந்துவிட்டேன்.

மனம் கேட்கவில்லை. இரவு 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது 'பள்ளியில்' 15 பேர். ஒரு படிவத்தில் என்று எங்கேயும் இல்லை.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். படிவம் 1, 2 மதியப் பள்ளி. மற்றவர்கள் காலைப் பள்ளி. இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் பிடிக்க ஒரே நேரம் மதியம் ஒரு மணிதான். வாசலுக்கு எதிரே உள்ள ரொட்டி சானாய் கடையில் பாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர், வகுப்பு, அடையாள அட்டை எண், தொலைபேசி, கையெழுத்து என்று கோடு போட்ட ஒரு தாள், அவ்வளவுதான்.

"தமிழ் எடுத்து எஸ்.பி.எம்.ல ஒரு ஏ குறைஞ்சா யார்க்கா பொறுப்பு?" என்றார் ஒருவர், படிவம் 5 முடிவில் வரும் அந்த அரசுத் தேர்வை நினைத்து. அது வெறும் சாக்கு இல்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு. இன்னொருவர், "அதான் ஆறு வருஷம் படிச்சாச்சே" என்றார். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் ரொட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

காப்பாற்றியது பள்ளி வேன் அண்ணன். எந்தப் பிள்ளை எந்த புளோக், அப்பா எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பதினைந்தாவது கையெழுத்தை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்த ஒருவரிடம், காலை ஏழு மணிக்கு லிஃப்ட் வாசலில் வாங்கினேன். லிஃப்ட் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு, என் கைப்பை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் முடிவதற்குள் 17 ஆகிவிட்டது.

கடிதத்தை மலாயில் எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போனேன். ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் போட்டுத் தரச் சொல்லி ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) நின்று வாங்கினேன். யாராவது இதே வேலையில் இறங்கினால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிறகு "கடிதம் வரவில்லையே" என்ற பேச்சு வந்தபோது அந்தத் தாள்தான் பேசியது.

அடுத்த கேள்வி ஆசிரியர். நன்னெறிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை தமிழில் பட்டம் பெற்றவர் என்பது துணை முதல்வருக்கே அன்றுதான் தெரிந்தது!

2021-இல் ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை ரத்து செய்தார்கள், 2022-இல் படிவம் 3-இன் பி.டி.3 தேர்வும் போனது. சீர்திருத்தம் என்றால் நாம் தேர்வைப் பற்றியே பேசுகிறோம். படிவம் 1 பதிவுப் பாரத்தில் 'தாய்மொழி வகுப்பு வேண்டுமா?' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால், எண்ணிக்கையைப் பள்ளியே முதல் நாளில் எடுத்துவிடலாம். கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று வைத்துவிட்டு, கேட்கலாம் என்பதையே யாரும் சொல்வதில்லை. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்புக்கு 2016-இல் 200 ஆண்டு விழா எடுத்த ஊர் இது. இங்கே நான் ரொட்டிக் கடையில் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது சனிக்கிழமை காலை எட்டரைக்கு அறிவியல் கூடத்தில் வகுப்பு நடக்கிறது. கையெழுத்து 17, வருவது 12, மழை பெய்தால் 8. அந்த 17 பேரில் நால்வர் படிவம் 5. அவர்கள் போனால் 13. ஆகவே அடுத்த படிவம் 1 பதிவு நாளன்று பாரத்தோடு வாசலில் நிற்க வேண்டும். வேன் அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.