மொட்டை மலையில வழி பாக்கிறது: ஜெபல் ஷம்ஸ் நாட்குறிப்பு

ஜனவரி 4, வெள்ளவத்தை

மஸ்கட்டில இருக்கிற அத்தானுக்கு ஒருமாதிரி லீவு கிடைச்சிட்டுது, பெப்ரவரி தொடக்கத்தில ஜெபல் ஷம்ஸ் ஏறுறதெண்டு முடிவு. ஓமானிலயே உயரமான மலை, 3,000 மீட்டர் மட்டில வரும், ஆனா உண்மையான உச்சிக்கு விடமாட்டினம், அங்க ஆமிக்காரரின்ட ரேடார் நிக்குது, நாங்கள் போகலாமெண்டது தெற்கு உச்சி, 2,997 மீட்டர். எங்கட பீதுருதாலகாலையிலயும் இதே கதைதானே, 2,524 மீட்டர், நாட்டிலயே உயரம், நடந்து ஏற விடமாட்டினம். எந்த நாட்டிலயும் உயரமான இடத்தை அன்டெனாக்காரர் முந்திப் பிடிச்சிடுவினம் போல.

ஜனவரி 9

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு லப்டொப்பில சட்டலைட் படத்தை வச்சுக்கொண்டு இருந்தன், எனக்குப் பள்ளத்தாக்கெல்லாம் மேடாத் தெரியுது, மேடெல்லாம் பள்ளமாத் தெரியுது. தலை சுத்தாத குறை. யோசிச்சுப் பாத்தா காரணம் வெளிச்சம், அந்தப் படங்கள் அனேகமா காலமை நேரத்தில எடுக்கிறது, வெயில் தென்கிழக்கில இருந்து, அதாவது படத்தின்ட கீழ்ப் பக்கத்தால அடிக்கும், நிழல் வடமேற்கில விழும், ஆனா எங்கட கண் வெளிச்சம் எப்பவும் மேல இருந்துதான் வரும் எண்டு நினைச்சுப் பழகினது. படத்தைத் தலைகீழாத் திருப்பினன், உடனே சரியா வந்திட்டுது. காட்டு மலையில இந்தப் பிரச்சினை இந்தளவுக்கு வராது, பச்சை மூடியிருக்கும். மொட்டைக் கல்லில நிழலைத் தவிர வேற ஒண்டும் இல்லை.

பாதைக்குப் பேர் W4. போக ஒரு ஒன்பது பத்து கிலோமீட்டர், 1,900 மீட்டர் சொச்சத்தில தொடங்கி 1,000 மீட்டருக்கு மேல ஏறோணும். நெய்ஸ்மித் எண்டொரு ஸ்கொட்லாந்துக்காரர் 1892ல சொன்ன கணக்கு ஒண்டு இருக்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலம், ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணித்தியாலம். அப்பிடிப் பாத்தா நாலு மணித்தியாலத்துக்குள்ள உச்சி. அத்தான் போனில சிரிக்கிறார், “தம்பி, அவர் புல்லில நடந்தவர், இது கல்லு, ஆறு எண்டு போடும்.”

ஜனவரி 18

காலமைக் கோச்சியில கோட்டையில ஏறி இஹல கோட்டேயில இறங்கி அலகல்ல மலை ஏறிட்டு வந்தம், நானும் ஒஃபிஸ் பெடியன் ஒருத்தனும். அட்டை, மழை, சேறு எல்லாம் வழமைபோல. கால் பழக இது நல்லது, வழி பாக்கப் பழக உதவாது எண்டுதான் எனக்குப் படுது. மானாப் புல்லுக்குள்ள ஒரு இடைவெளி இருந்தா அதுதான் பாதை, அதை விட்டா உள்ள போகவே ஏலாது, காடே எங்களைப் பிடிச்சு நடத்துது. சிவனொளிபாத மலை இன்னும் மோசம், படியும் லைட்டும் தேத்தண்ணிக் கடையும், கண்ணை மூடிக்கொண்டு சனத்துக்குப் பின்னால போகலாம். பாலைவன மலையில எல்லா இடமும் திறந்து கிடக்கு, எங்க கால் வச்சாலும் போகலாம் போல இருக்கும், அதுதான் ஆபத்து.

ஜனவரி 24

ஆளுக்கு 4 லீட்டர் தண்ணி, வழியில ஒரு சொட்டும் இல்லை. அம்மா பாலைவனமெண்டால் தொப்பி காணும் எண்டு நினைச்சவ, ஜாக்கெட் வைக்கேக்க ஒரு மாதிரிப் பாத்தா. 1,000 மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் எண்டு விளங்கப்படுத்தினன், நம்பேல்லை, ஆனா மஃப்ளர் ஒண்டு தந்துவிட்டா.

பெப்ரவரி 10, திரும்பவும் வெள்ளவத்தை

போய் வந்தாச்சு. முழங்கால் இன்னும் படி இறங்க விடுதில்லை.

விடிய முதல், ஹெட் டோர்ச்சோட வெளிக்கிட்டம், பல்லுக் கிட்டுற குளிர். மஞ்சள், வெள்ளை, சிவப்பு எண்டு மூண்டு நிறக் கோடு கல்லில அடிச்சு வச்சிருக்கினம், டோர்ச் வெளிச்சத்தில வெள்ளை மட்டும்தான் பளிச்செண்டு தெரியும், ஆனா பறவை எச்சமும் அதே வெள்ளை. அத்தான் ஒரு ஒழுங்கு வச்சிருந்தார்: அடுத்த அடையாளம் கண்ணில படும் வரைக்கும் ஒராள் கடைசி அடையாளத்தில நிக்கோணும், மற்றவர் போய்த் தேடோணும். நேரம் எடுக்கும்தான், ஆனா பிறகு பதறத் தேவையில்லை.

வெளிச்சம் வந்த பிறகுதான் அந்தக் கல்லை வடிவாப் பாத்தன். சுண்ணாம்புக் கல்லு, ஆள் மிதிக்காத இடம் கடும் சாம்பல், மேற்பரப்பு முழுக்கக் கூர், தேங்காய்த் திருவலையில கை வச்ச மாதிரி. ஆள் நடந்த இடத்தில அந்தக் கூர் மழுங்கி, நிறம் வெளிறி, சாய்ஞ்ச வெயிலில லேசா மினுங்குது. கிட்ட நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது, இருபது முப்பது அடி தள்ளிப் பாத்தா ஒரு வெளிர் கோடு மேல ஏறிப்போறது தெரியும். பெயின்ற்றை விட எனக்கு அதுதான் உதவிச்சுது.

ஆட்டுப் பாதையும் இதே மாதிரி வெளிறித்தான் இருக்கும், அதுதான் சனத்தை ஏமாத்திறது. ஆட்டுப் பாதை அனேகமா மலையைச் சுத்திக் குறுக்கால போகும், கொஞ்ச நேரமா ஏறாமலே போறம் எண்டு பட்டா நிண்டு யோசிக்கோணும். ஓரிடத்தில அப்பிடி ஒரு தடம் நேர வாதி நக்ர் எண்ட பள்ளத்தாக்கின்ட விளிம்புக்குப் போகுது, கீழ 1,000 மீட்டர் மட்டில பள்ளம், அந்தப் பக்கத்துச் சுவரில கோடு கோடாப் பாறை அடுக்கு. போன் ஜிபிஎஸ் பாறைச் சுவருக்குக் கிட்ட போனா சிக்னல் சுவரில பட்டுத் தெறிச்சு வர, நாங்கள் பள்ளத்துக்கு மேல மிதக்கிறம் எண்டு காட்டினது. அத்தான் அதையும் ஒரு படம் எடுத்தவர்.

மேல போகப் போக ஜூனிப்பர் மரங்கள் வரும், முறுகி, பாதி பட்டு, ஆனா கடும் பச்சை. உச்சியைப் பற்றிச் சொல்ல பெரிசா ஒண்டும் இல்லை, காத்து, ரேடார், பாண்.

இறக்கம்தான் பெரிய வேலை. அடையாளங்களில கனக்க ஏறுற ஆளுக்குத் தெரியிற பக்கத்திலதான் இருக்கு, மேல இருந்து பாத்தா வெறும் கல்லு. ஏறேக்க இடைக்கிடை நிண்டு திரும்பிப் பாத்து, ரெண்டாப் பிளந்த பாறை, ஒற்றை மரம் எண்டு போனில படமெடுத்து வச்சனாங்கள், அதுகளை வச்சே முழுக்க இறங்கினம். ஆறு மணித்தியாலம் எண்ட அத்தான்ட கணக்கு ஏறுறதுக்குச் சரி, இறங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு போட்டது.

பெப்ரவரி 13

ஒஃபிஸ் பெடியன் நாங்கள் நடந்த வழி பதிஞ்ச ஜிபிஎஸ் ட்ராக் ஃபைல் கேட்டான், அனுப்பிட்டன். திரும்பிப் பாத்து எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்பினன், “இதில வெறும் கல்லுத்தானே அண்ணை இருக்கு, உங்கட படம் ஒண்டும் இல்லையோ” எண்டு கேக்கிறான்.